வயிறாரச் சாப்பிடுகிறவர்களுக்கும் சத்துக்குறைவு வருமா?

வரும். எனக்கு வந்தது. அதனால்தான் எழுதுகிறேன், இல்லையென்றால் தீபாவளி ஆர்டர் நெருங்குகிற நேரத்தில் இதற்கெல்லாம் எனக்குக் கை ஒழியாது.

"மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடுதான், வெளியில் வாயே வைப்பதில்லை, எடையும் குறையவில்லை, அப்புறம் எதற்கு இரும்புச்சத்து, புரதம் என்று பயமுறுத்துகிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ உங்களை ரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள், உங்களுக்கு மனமில்லை, இங்கே நாலு பேர் தேவையில்லை என்று எழுதினால் அதைக் காட்டித் தப்பித்துவிடலாம் என்று பார்க்கிறீர்கள். தப்பாக நினைத்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் இரண்டு வருஷம் தப்பித்தேன்.

காரைக்குடிப் பக்கம் பலகாரம் போட்டு விற்கிறேன். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிற ஒரு பழைய வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்து, நானும் மூன்று பெண்களும் காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைப்போம். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, மாவுருண்டை, அதிரசம். சீர்ப் பலகாரம் என்றால் எண்ணித்தான் வாங்குவார்கள், ஒன்று உடைந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். அந்த ஒதுக்கினதெல்லாம் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் வாய்க்குத்தான். பசி என்ற ஒன்றே தெரியாத தொழில் இது.

முதலில் வந்தது அரிசி தின்கிற ஆசை. அதிரசத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்புவோம். கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் உள்ளங்கையில் ஒட்டக் கூடாது, அதுதான் இடிக்கிற பதம். அந்தப் பதத்து அரிசியில் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு நறநறவென்று மென்றால் எனக்கு அப்படி ஒரு சுகம். ஒரு பிடி நாலு பிடியாகி, கடைசியில் முந்தானையில் முடிந்துகொண்டு மாவு சலிக்கும்போதும் மெல்ல ஆரம்பித்துவிட்டேன். "அரிசி தின்னா கல்யாணத்துல மழை பெய்யும்டி" என்பார் என் மாமியார். எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாச்சு, இனி யார் கல்யாணத்தில் பெய்யப் போகிறது என்று நானும் சிரிப்பேன். இரும்புச்சத்து குறைகிற சிலருக்கு இப்படி ஆசை வரும், பச்சரிசி, ஐஸ்கட்டி, மண், சாம்பல் என்று ஆளுக்கொன்றில் மனம் போகும் என்பதெல்லாம் எனக்கு அப்போது எங்கே தெரியும்?

அப்புறம் ஒரு புரட்டாசி மாதம், தேன்குழல் டின்னைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். பதினாலு படிதான். எட்டாவது படியில் நின்றவள் நின்றதுதான், நெஞ்சு அடித்துக்கொள்கிறது, காதில் இரைச்சல், டின்னைக் கீழே வைக்கக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்து நின்றேன். டின்னை விடவில்லை. அதை விட்டிருந்தால் நாலு கிலோ நொறுங்கியிருக்கும் என்றுதான் அந்த நேரத்திலும் நினைப்பு போனது.

முதலில் போன இடத்தில் கண்ணைக்கூட இறக்கிப் பார்க்கவில்லை. "உழைப்பு ஜாஸ்தி, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா சரியாயிடும்" என்று படுக்க வைத்துவிட்டார்கள். சாதாரணமாக ஏற்றுகிற அந்த அரை லிட்டர் பாட்டிலில் 5 சதவீதக் குளுக்கோஸ், அதாவது 25 கிராம் சர்க்கரையும் தண்ணீரும்தான். நான் பாகு காய்ச்சுகிற வீட்டிலிருந்து போய்ச் சர்க்கரைத் தண்ணீருக்குப் பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். ஏற்றினால் தெம்பு வருகிறது என்று சண்டைக்கு வராதீர்கள், தண்ணீர் வற்றிக் கிடப்பவருக்கு அது உயிர் காக்கும். எனக்குக் குறைந்தது தண்ணீரும் இல்லை, சர்க்கரையும் இல்லை.

இரண்டாவது பார்த்த அம்மாதான் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 8.2. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. அவர் கேட்ட அடுத்த கேள்வி சாப்பாட்டைப் பற்றியே இல்லை, மாதவிலக்கில் எவ்வளவு போகிறது, எத்தனை நாள் என்று கேட்டார். இரண்டு வருஷமாக ஒன்பது பத்து நாள் போய்க்கொண்டிருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை, இந்த வயசில் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஸ்கேன் எடுத்து அதற்குத் தனியாக வைத்தியம் நடந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், முருங்கைக்கீரை தின்றால் போதும் என்று இங்கே யாராவது பின்னூட்டம் போடுவார்கள். ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது, ஓட்டை எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும். நான் டாக்டர் இல்லை, பட்டவள்.

ஆனால் ஊற்றுவதிலும் குறை இருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் என் அண்ணன் மகள். ஊட்டச்சத்துப் படிப்பு படிக்கிறாள். பார்க்க வந்த இடத்தில் என் ஆர்டர் நோட்டை எடுத்து, "முறுக்கு எத்தனை கிலோன்னு எழுதுறீங்கல்ல அயித்தை, அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நேத்து நீங்க என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்க" என்றாள். விளையாட்டாகச் சொன்னேன். ஐந்து மணிக்கு டீ. எட்டு மணிக்கு டீயும் ஒடிந்த தேன்குழலும். பதினொன்றுக்கு டீ. மூன்று மணிக்குச் சோறு, ரசம், அப்பளம், சாப்பிட்ட கையோடு ஒரு டீ. ஆறு மணிக்கு டீ, ஒரு மாவுருண்டை. ராத்திரி இரண்டு தோசை, இட்லிப்பொடி, நல்லெண்ணெய். எழுதி முடித்துவிட்டு அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள். இடது பக்கத்தில் நாற்பது பேருக்குச் சீர்ப் பலகாரக் கணக்கு. வலது பக்கத்தில் என் கணக்கு. குழம்பு இல்லை, பருப்பு இல்லை, கீரை இல்லை, காய் இல்லை, பழம் இல்லை. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

இதைத்தான் உங்களுக்கும் சொல்ல வந்தேன். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரதமும் 4, கொழுப்பு 9. எண்ணெயும் மாவுமாகத் தின்கிறவளுக்குக் கலோரி எப்படிக் குறையும்? அப்போது என் எடை 71 கிலோ. "உனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கே" என்று சொன்ன ஒருத்தருக்கும் நான் உள்ளே வற்றிக்கொண்டிருந்தது தெரியவில்லை. குண்டாக இருப்பவருக்கும் சத்துக்குறைவு இருக்கலாம், இரண்டும் ஒரே உடம்பில் குடித்தனம் நடத்தும். எடை மெஷின் இரும்பை நிறுத்துச் சொல்லாது. புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், 55 கிலோ பெண் என்றால் நாளைக்கு 46 கிராமாவது வேண்டும் என்பது நம் நாட்டுக் கணக்கு. என் வலது பக்கத்தைக் கூட்டினால் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை, அதிலும் ஒரு பங்கு டீயில் ஊற்றிய பாலிலிருந்து. இரும்பு பெண்ணுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம், ஆணுக்கு 19. ஆண்களைவிடக் குறைவாகச் சாப்பிட்டு, அவர்களைவிட அதிகம் தேவைப்படுகிற ஜென்மம்.

டீ விஷயம்தான் எனக்கு அடி. டீயில் இருக்கிற துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் ஏறவிடாது. நான் சாப்பிட்டு எழுந்த கையோடு குடித்துக்கொண்டிருந்தேன். ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்றுதான் இருக்கிறது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா மாதிரி வைட்டமின் சி உள்ளது கூடச் சேர்ந்தால் அதே இரும்பு நன்றாக ஏறும். ஒரே கீரையைத் தின்று ஒருத்திக்கு ஒட்டுகிறது, இன்னொருத்திக்கு ஒட்டவில்லை என்றால் பக்கத்து டம்ளரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

உடனே "செட்டிநாட்டுச் சாப்பாடு என்றாலே எண்ணெயும் காரமும்தானே, உடம்பு கெடாமல் என்ன செய்யும்" என்று ஒருவர் கிளம்புவார், எனக்குத் தெரியும். கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் ஊருக்கு ஊர் 'செட்டிநாடு' என்று போர்டு மாட்டி, கலர்ப்பொடி போட்ட குழம்பில் விரற்கடை உயரத்துக்கு எண்ணெய் மிதக்கவிட்டுத் தருகிறார்களே, அதற்கு நாங்கள் பொறுப்பில்லை. எங்கள் அப்பத்தா காலத்துச் சாப்பாட்டைச் சொல்கிறேன். வெண்டைக்காய் மண்டி வைப்பதற்காகவே அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரை எடுத்து வைப்பார். கழுவக் கழுவ பி வகை வைட்டமின்கள் தண்ணீரோடு போகும், அவர் அதைக் கொட்டாமல் குழம்பில் சேர்த்தார், கூட ஒரு பிடி மொச்சையும் போடுவார். அந்தப் படிப்பு அவருக்குக் கிடையாது, கஞ்சத்தனம்தான், ஆனால் நல்ல கஞ்சத்தனம். புழுங்கல் அரிசியும் அப்படித்தான், நெல்லாகவே அவிக்கும்போது உமி, தவிட்டுப் பக்கத்துச் சத்தில் கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடும், அப்புறம் மில்லில் தீட்டினாலும் மொத்தமாகப் போகாது. ஆடியில் கும்மாயம். உளுந்தும் பாசிப்பருப்பும் கொஞ்சம் பச்சரிசியும் வறுத்துத் திரித்த மாவு. அரிசிப் புரதத்தில் எது குறைச்சலோ அது பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. அந்த ஊர்ச் சாப்பாட்டை எண்ணெய் என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள்.

எதிர்ப்பக்கமும் நான் பேச மாட்டேன். கருப்பட்டி போட்டால் சுகர் ஏறாது, கவுனி அரிசி சர்க்கரை நோய்க்கு மருந்து என்று சொல்லி என்னிடமே ஆர்டர் கொடுக்கிறார்கள். வெல்லமும் கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான், ஏறும். கவுனியின் கறுப்பு நிறத்துக்கு மதிப்பு உண்டு, தவிடும் இருக்கிறது, ஆனால் அதை வேகவைத்து அதன் தலையில் சீனியும் நெய்யும் தேங்காயும் கொட்டுகிறோமே, அந்தக் கிண்ணத்தைச் சாப்பிட்டுவிட்டு மருந்து சாப்பிட்டேன் என்றால் நான் என்ன சொல்ல? விற்கிறவள் நானே சொல்கிறேன், பலகாரம் பலகாரம்தான். நாலு நாளைக்கு ஒன்று தின்னுங்கள், சந்தோஷமாகத் தின்னுங்கள்.

கறி விஷயம். பூஜைக்கும் சீருக்கும் பலகாரம் கேட்கிறவர்கள் அசைவம் புழங்காத அடுப்பா என்று விசாரிப்பார்கள், அதனால் ஏழெட்டு வருஷமாக நான் கறி, முட்டை எல்லாவற்றையும் விட்டிருந்தேன். ரத்தம் குறைவு என்றதும் மாமியார் அன்றைக்கே சுவரொட்டி வாங்கி வரச் சொன்னார். ஆட்டின் மண்ணீரல், அதிலும் ஈரலிலும் இருக்கிற இரும்பு கீரையில் இருப்பதைவிடச் சுலபமாக உடம்பில் ஏறும், பாட்டிமார் சொன்னது சரிதான். இப்போது வீட்டில் சாப்பிடுகிறேன், பலகார அடுப்பு தனியாக அந்த வாடகை வீட்டுப் பின்கட்டில். குளித்துவிட்டுத்தான் போகிறேன். இதைப் படித்துவிட்டு ஆர்டரை ரத்து செய்கிறவர்கள் தாராளமாகச் செய்யலாம். சைவமாகவே இருக்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, கீரை, கூட எலுமிச்சை, ஆனால் 8.2ல் நிற்கிறவருக்கு எந்தச் சாப்பாடும் தனியாகப் போதாது, மாத்திரை வேண்டும்.

மாத்திரை ஆறு மாதம் சாப்பிட்டேன். முதல் வாரம் வயிறு பிரட்டியது, மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பாலோடும் டீயோடும் விழுங்காதீர்கள். பரிசோதிக்காமல் நீங்களாக வாங்கியும் விழுங்காதீர்கள், எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவு இல்லை, வேண்டாதவருக்கு இரும்பு சேர்ந்தால் அதுவும் கெடுதல். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று வந்திருக்கிறது, அதனால் கேட்டவர் பெண்ணாக இருந்தால் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆணாக இருந்தால் உங்கள் வீட்டுப் பெண்ணை அழைத்துக்கொண்டு போங்கள், அவர் கடைசியாகத்தான் சாப்பிட உட்காருகிறார் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு இப்போது 12.4. பதினொரு மணி டீயை நிறுத்திவிட்டுப் பின்கட்டில் எல்லோருக்கும் சுண்டல் போடுகிறேன், அதற்கும் முணுமுணுப்பு இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை அரிசி உலர்த்தினோம். துணியின் ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு வெறுமையாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் எங்களில் சின்னவள், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள், வாயை மூடிக்கொண்டு மெதுவாக அசைபோடுகிறாள். திட்டவில்லை. மறுநாள் காலையில் அடுப்பைப் பற்றவைக்காமல் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். 9.1.