மருந்தே தராமல் அனுப்பிவிட்டார்களே!

கேள்வி: எனக்கு 38 வயது. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில், அங்கே புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய எச்.பி.வி. 16 வைரஸ் இருப்பதாக வந்தது. கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பியில் கோளாறு இல்லை. ‘உடம்பே பார்த்துக்கொள்ளும், ஒரு வருடம் கழித்து வாருங்கள்’ என்கிறார் டாக்டர். தடுப்பூசி போட்டால் வைரஸ் போய்விடாதா? எதிர்ப்பு சக்திக்குக் கஷாயம் குடிக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: டாக்டர் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை, அம்மா. இந்த வைரஸ் தொற்றியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அது தானாகவே அடங்கிவிடுகிறது. 16-ஆம் வகை மட்டும் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். அதனால்தான் மறுபடி வரச் சொல்கிறார்.

வைரஸை அடக்குவது டி செல் என்னும் வெள்ளையணு. தடுப்பூசியால் உருவாகும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம், செல்லுக்கு வெளியே திரியும் வைரஸைத்தான் பிடிக்கும். உள்ளே குடியேறிய வைரஸை அதனால் தொட முடியாது. டி செல் மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களைத் துண்டுபோட்டு வெளிப்புறத்தில் காட்டிக்கொண்டே இருக்கும். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அதேதான். அன்னியப் புரதத்தின் துண்டு தென்பட்டால் டி செல் அந்தச் செல்லையே கொன்றுவிடும். எச்.பி.வி. லேசுப்பட்டதல்ல. தன் இ5 புரதத்தால் அந்த ஒரு சோறும் வெளியே வராமல் அமுக்கப் பார்க்கும். குடியிருக்கும் செல்லைக் கொல்லாது, வீக்கமும் உண்டாக்காது. டி செல்லுக்குத் தகவல் போகவே மாதக்கணக்கில் ஆகிவிடும்.

பத்தாலஜி ஆய்வகத்தில் 31 வருடம் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருந்தவள் நான். மருவும் எச்.பி.வி.யால் வருவதுதான். மறையத் தொடங்கிய மருவின் ஸ்லைடில், சாயத்தில் கருநீலமாகத் தெரியும் வெள்ளையணுக்கள் கடுகு கொட்டியதுபோல மொய்த்துக் கிடக்கும். என் சித்தப்பா மகனுக்குச் சிறுநீரகம் மாற்றினார்கள். டி செல்லின் எதிர்ப்பை அடக்கும் மாத்திரை தொடங்கிய பிறகு இரு கைகளிலும் பலாத்தோல் மாதிரி மரு. அதுவும் எச்.பி.வி.தான், வேறு வகை. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு என்பதற்கும் காரணம் இதே டி செல் குறைவுதான்.

அப்படியே புற்றுநோயாக மாறினாலும் வைரஸுக்கு ஒரு சிக்கல் உண்டு. இ6, இ7 என்ற இரண்டு புரதங்கள் இல்லாமல் அந்தப் புற்றுநோய்ச் செல் பிழைக்க முடியாது. அவற்றைத் தயாரித்துக்கொண்டிருக்கும்வரை டி செல்லிடம் மாட்டிக்கொள்ளும் அபாயமும் தீராது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் இதை வைத்தே ஒரு சோதனை செய்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. நோய் பரவிய ஒன்பது பெண்களின் கட்டியிலிருந்தே டி செல்களை எடுத்து, பெருக்கி, திரும்பச் செலுத்தினார்கள். இருவருக்குக் கட்டி முழுதாக மறைந்தது. மற்றவர்களுக்கு ஏன் அப்படி ஆகவில்லை என்பதில்தான் ஆராய்ச்சி ஓடுகிறது.

கஷாயமா? தாராளமாகக் குடியுங்கள், மழைக்காலத்தில் நானும் குடிப்பவள்தான். ஆனால் டி செல்லுக்கு அது எந்த வைரஸையும் அடையாளம் காட்டாது. வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால், நீங்கள் கேட்ட தடுப்பூசியை அவளுக்குப் போடுங்கள். உங்கள் அடுத்த பரிசோதனைத் தேதியை இன்றைக்கே காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.