ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, வீட்டுக் கடன் வாங்கலாமா?

கேள்வி: காலணி ஆலையில் தையல் பிரிவு மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்கள் நாடு ஒரு பெரிய நாட்டுடன் தடையற்ற வணிக ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 'வேலை பெருகும்' என்கிறது அரசு, 'ஆலை மூடப்படும்' என்கிறது தொழிற்சங்கம். யாரை நம்புவது? ஆலைக்குப் பக்கத்திலேயே கடனில் வீடு வாங்க நினைத்திருந்தேன்.

பதில்: இரண்டுமே உண்மையாக இருக்கலாம். அரசு நாடு முழுவதற்கும் கூட்டிக் கழித்துச் சொல்கிறது, சங்கம் உங்கள் ஆலையைப் பார்த்துச் சொல்கிறது. 1989-ல் அமெரிக்க - கனடா ஒப்பந்தம் வந்தபின், கனடாவில் இறக்குமதி வரி அதிகம் குறைந்த தொழில்களில் வேலைவாய்ப்பு 12 சதவீதம் சரிந்தது, அதே தொழில்களில் உற்பத்தித்திறன் 15 சதவீதம் கூடியது என்று பொருளாதார அறிஞர் டேனியல் டிரெஃப்லர் கணக்கிட்டார். நலிந்த ஆலைகள் சுருங்கியதால் வந்த உயர்வு அது. உங்கள் ஆலை எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

மேடைப் பேச்சை விடுங்கள். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் உள்ள வரிக்குறைப்பு அட்டவணையை எடுங்கள். பொருள்களை எண்ணிட்டுப் பிரிக்கும் சர்வதேசச் சுங்கப் பட்டியலில் காலணிகள் 64-ஆம் அத்தியாயத்தில் வரும்: தோல் மேற்பாகம் உள்ளவை பெரும்பாலும் 6403, மேற்பாகம், அடிப்பாகம் போன்ற உதிரிகள் 6406. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். நீங்கள் அடிப்பாகத்தை இறக்குமதி செய்பவர்களானால், 6406-க்கு வரி குறைவது உங்கள் ஆலைக்கு லாபம். உதிரிக்கு வரி அப்படியே நிற்க, முழுக் காலணிக்கு மட்டும் குறைந்தால் அதைவிட மோசமான நிலை இல்லை.

அடுத்து எத்தனை ஆண்டில் குறைகிறது என்று பாருங்கள். 20 சதவீத வரி பத்துச் சம தவணைகளில் போனால் ஆண்டுக்கு 2 புள்ளிதான். ஆனால் வாங்குபவர்கள் வரி பூஜ்யமாகும் வரை காத்திருக்க மாட்டார்கள். விலை வித்தியாசம் கட்டுப்படியாகும் பருவத்திலேயே ஆர்டர் கை மாறும். பிறப்பிட விதியையும், அதாவது ஒரு பொருள் எந்த நாட்டுடையது என்று தீர்மானிக்கும் விதியையும், பாருங்கள்: மூன்றாம் நாட்டு மேற்பாகத்தை அந்தப் பெரிய நாட்டில் ஒட்டி அனுப்பினாலும் சலுகை உண்டு என்றால் போட்டி இரண்டு நாடுகளோடு நிற்காது.

வீட்டு விஷயத்தில் என் கருத்து கண்டிப்பானது. அட்டவணை பாதகமாக இருந்தால் இப்போது வாங்காதீர்கள். சீனா 2001-ல் உலக வணிக அமைப்பில் சேர்ந்தபின் சீன இறக்குமதியால் அடிபட்ட அமெரிக்க ஊர்களில் பத்தாண்டு கழித்தும் வேலைவாய்ப்பு மீளவில்லை, மக்கள் எதிர்பார்த்த அளவு வெளியூர் போகவும் இல்லை. ஆலை போனால் சம்பளத்தோடு ஊரின் வீட்டு விலையும் இறங்கும்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவித் திட்டம் உண்டா என்று இப்போதே விசாரியுங்கள். அமெரிக்காவின் பழைய திட்டத்தில் மூன்று தொழிலாளர்கள் சேர்ந்தாலே மனுப் போடலாம், ஆனால் வேலை போன ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். சட்டத்தின் காலம் முடிந்ததால் 2022 ஜூலை முதல் அங்கே புதிய மனுக்களுக்கு ஒப்புதலே இல்லை. எனவே உங்கள் நாட்டுத் திட்டத்தின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், எந்தத் தேதி வரை நடப்பில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள்.