லேப் படிப்பில் மகளைச் சேர்க்கும் முன்: குடியாத்தம் வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: குடியாத்தத்தில் கைத்தறி நெசவு செய்கிறேன். மகள் அரசு பெண்கள் பள்ளியில் உயிரியல் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நீட் மதிப்பெண் போதவில்லை. பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) படிக்கிறேன் என்கிறாள். சொந்தக்காரர்களோ, "ரத்தம் எடுக்கிற வேலைக்கு நாலு வருஷமா? ஒரே வருஷத்தில் டிப்ளமோ தருகிறார்கள்" என்கிறார்கள். இன்னொருவர் கலைக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி சேர்க்கச் சொல்கிறார். எல்லாவற்றையும் மெஷின் பார்த்துக்கொள்ளும் காலத்தில் இந்தப் படிப்புக்கு வேலை இருக்குமா? நோய் தொற்றிவிடுமோ என்று அவள் அம்மாவுக்கு வேறு பயம். என்ன செய்யலாம்?

பதில்: மகளுக்கே ஆசை இருக்கிறது என்பது பாதி வேலையை முடித்துவிட்டது. மருத்துவமனையோடு சேர்ந்த கல்லூரியில் பி.எஸ்சி. எம்.எல்.டி. இடம் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். கிடைக்காவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரியில் அதே துறையின் இரண்டு ஆண்டு டிப்ளமோவான டி.எம்.எல்.டி. நல்ல வழி. கடைத்தெரு மாடியில் நாலு மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு நடத்தும் ஒரு வருட டிப்ளமோ வேண்டாம். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு, மெஷின் பற்றிய உங்கள் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் பக்கம் மழைக்காலம் வந்தால் காய்ச்சல் வரும், கூடவே டெங்கு பயமும் வரும். காய்ச்சலோடு ஒருவர் வருகிறார். ஊதா மூடி டியூபில் ரத்தம் எடுத்து ரத்த அணுக்களை எண்ணும் செல் கவுன்ட்டர் மெஷினில் வைத்தால், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 20,000தான் என்று காட்டுகிறது. வீட்டில் அழுகை, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். ஆனால் அந்த எண் உண்மையாக இல்லாமலும் இருக்கலாம். ஊதா டியூபில் ரத்தம் உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. என்ற உப்பு இருக்கும். சிலருடைய ரத்தத்தில் அந்த உப்பு பட்டதும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாகிவிடும். மெஷின் ஒரு கொத்தைத் தட்டணுவாக எண்ணாது, எண் சரிந்துவிடும்.

ஒழுங்காகப் படித்தவர் இந்த இடத்தில் ரிப்போர்ட்டை அப்படியே அனுப்ப மாட்டார். மெஷின் காட்டும் எச்சரிக்கைக் குறியைப் பார்ப்பார். ஒரு ஸ்மியர் போட்டு, அதாவது ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லியதாகப் பூசி, மைக்ராஸ்கோப்பில் அதன் ஓரத்தில் கொத்துகள் இருக்கின்றனவா என்று தேடுவார். இருந்தால் நீல மூடி சிட்ரேட் டியூபில் திரும்ப ரத்தம் எடுத்து எண்ணுவார். அந்த டியூபில் 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு திரவம் இருப்பதால், வந்த எண்ணை 1.1 ஆல் பெருக்கிச் சொல்வார். இதெல்லாம் தெரியாதவர் கையில் அதே மெஷின் இருந்தால், தேவையே இல்லாமல் ஒருவருக்குத் தட்டணு ஏற்றும் நிலைகூட வரலாம். உண்மையான டெங்குவில் எண் நிஜமாகவே குறையும் என்பதால், எது நிஜம் எது கொத்து என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

இன்னொன்று. ஒரு நோயாளிக்குப் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, கால்சியம் தரையில் கிடக்கிறது, ஆனால் அவர் தெம்பாக நடந்து வந்திருக்கிறார். நோயாளிக்கு எதுவும் இல்லை; ஊதா டியூபிலிருந்த ரத்தத்தை யாரோ வேறு டியூபில் ஊற்றியிருக்கிறார்கள். ஈ.டி.டி.ஏ. பொட்டாசியம் உப்பாகத்தான் அந்த டியூபில் இருக்கிறது, அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்த உடனே இது புரிய வேண்டும். சர்க்கரையும் அப்படித்தான். ரத்தத்திலிருந்து செல்களைப் பிரிக்காமல் மேஜையில் வைத்துவிட்டால், அந்தச் செல்கள் குளுக்கோஸைத் தின்று மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறைத்துவிடும். ஆய்வகத் தவறுகளில் பெரும்பகுதி மெஷினுக்குள் நடப்பதில்லை. சாம்பிள் மெஷினுக்குப் போகும் முன்பே நடந்துவிடுகிறது. மெஷின் பெருகப் பெருக இதைப் பிடிக்கத் தெரிந்தவரின் தேவையும் கூடியிருக்கிறது. வெறும் பட்டன் அழுத்தத் தெரிந்தவருக்குத்தான் வேலை குறையும்.

சரி, நாலு வருடத்தில் என்ன படிப்பாள்? தமிழ்நாட்டில் பொதுவாக மூன்று ஆண்டு படிப்பு, ஓர் ஆண்டு இன்டர்ன்ஷிப். முதலில் உடற்கூறு, உடலியங்கியல், அடிப்படை உயிர்வேதியியல். அப்புறம் மூன்று பெரிய வாசல்கள். உயிர்வேதியியலில் சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், ஹார்மோன் சோதனைகளும், அவற்றின் தரக் கட்டுப்பாடும். நுண்ணுயிரியலில் கிருமிகளைச் சாயமேற்றி வகை பிரிக்கும் கிராம் ஸ்டெயின், காசநோய்க்கான சளிப் பரிசோதனை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர், எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்ற சோதனை. நோய்க்குறியியலில் ரத்த ஸ்மியர், திசு வெட்டிச் சாயமேற்றுவது, ரத்த வங்கி. இதில் தரக் கட்டுப்பாட்டைக் கல்லூரி எப்படிச் சொல்லித் தருகிறது என்று பாருங்கள். தினமும் காலையில் நோயாளி சாம்பிளுக்கு முன் கன்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த மாதிரி) ஓட்டி, லீவி-ஜென்னிங்ஸ் என்ற தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தில் புள்ளி வைத்து, அது எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ரிப்போர்ட் தர வேண்டும். இந்தப் பழக்கம் கையில் ஊறாமல் வெளியே வரும் பிள்ளைக்கு மார்க் ஷீட் இருந்தும் பயன் கம்மி.

நம் ஊரில் இந்த வேலைக்கு நல்ல பரம்பரை இருக்கிறது. 1986ல் சென்னையில் மருத்துவ மேற்படிப்பு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, தன் வழிகாட்டி சுனிதி சாலமன் சொன்னபடி சேகரித்த ரத்த மாதிரிகளைச் சோதிக்க வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குத்தான் (சி.எம்.சி.) கொண்டுவந்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது இங்கே நடந்த எலைசா என்ற ரத்தச் சோதனையில்தான் முதலில் தெரியவந்தது. இன்றும் நாடெங்கும் உள்ள ஆய்வகங்கள் தங்கள் ரீடிங் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க, சி.எம்.சி.யின் உயிர்வேதியியல் துறை நடத்தும் வெளித் தரச் சோதனைத் திட்டத்தில் மாதிரி வாங்கிச் சோதித்து முடிவை அனுப்புகின்றன. காட்பாடியைத் தாண்டிக் கரிகிரியில் 1955 முதல் தொழுநோய்க்கென்றே ஒரு நிலையம் இயங்குகிறது. தோலிலிருந்து ஸ்மியர் எடுத்து அந்தக் கிருமியைத் தேடும் வேலையை உலகத்துக்கே காட்டிய இடங்களில் அதுவும் ஒன்று. குடியாத்தத்திலிருந்து பஸ் தூரத்தில் இதெல்லாம் இருப்பது உங்கள் மகளுக்குச் சின்ன விஷயமில்லை.

சேர்க்கை விவரத்துக்கு வருகிறேன். பி.எஸ்சி. எம்.எல்.டி.க்கு நீட் கிடையாது. அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு, பாராமெடிக்கல் பட்டப் படிப்புகளுக்கென்று தனியாக ஆன்லைன் விண்ணப்பம் வாங்கி, பிளஸ் டூ மதிப்பெண்படி தரவரிசை போட்டுக் கலந்தாய்வு நடத்துகிறது. நீட்டில் போன மனசை இங்கே கொண்டுவர வேண்டாம், இது முழுக்கப் பள்ளி மதிப்பெண். சி.எம்.சி. தனியே விண்ணப்பம் வாங்கித் தனி நுழைவுத் தேர்வு வைக்கிறது. இடங்கள் குறைவு, வெளி மாநிலப் பிள்ளைகளும் போட்டியிடுவார்கள். அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். இரண்டுக்கும் போடுங்கள். அடுக்கம்பாறை அரசு வேலூர் மருத்துவக் கல்லூரியிலும் மற்ற அரசுக் கல்லூரிகளிலும் எந்தப் படிப்புக்கு எத்தனை இடம் என்பது அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் வரும்.

இப்போது அந்த ஒரு வருட டிப்ளமோ. நோட்டீசில் "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எந்த அரசு அமைப்பு, எந்தப் படிப்புக்கு, எந்த ஆணை எண்ணில் என்று கேளுங்கள். சங்கப் பதிவும் அறக்கட்டளைப் பதிவும் ஐ.எஸ்.ஓ. 9001 என்ற பொதுவான நிர்வாகத் தரச் சான்றிதழும் படிப்புக்கான அங்கீகாரம் ஆகாது. பட்டப் படிப்பு என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்போ, சட்டப்படி அமைந்த வேறொரு பல்கலைக்கழகமோ இருக்க வேண்டும். 2021ல் வந்த தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்முறை ஆணையச் சட்டம் மருத்துவ ஆய்வகத் துறையையும் தனக்குக் கீழே கொண்டுவந்திருக்கிறது. அதன்படி இந்தத் துறைகளில் டிப்ளமோ, பட்டம் என்றால் குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் படித்திருக்க வேண்டும். ஒரு வருடப் படிப்பு அந்தக் கணக்கிலேயே நிற்காது. அரசு மருத்துவக் கல்லூரிகளே நடத்திவந்த ஓராண்டுச் சான்றிதழ் படிப்பு வேறு. அதைத் தனியார் நிலைய டிப்ளமோவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இது வெறும் காகிதப் பேச்சு இல்லை. ரத்த வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே டெக்னீஷியனாகச் சேர, அங்கீகாரம் பெற்ற எம்.எல்.டி. பட்டமும் ரத்தப் பரிசோதனையில் ஆறு மாத அனுபவமும், அல்லது டிப்ளமோவும் ஓர் ஆண்டு அனுபவமும் வேண்டும் என்று மருந்துச் சட்ட விதியே சொல்கிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் லேப் டெக்னீஷியன் பணிக்கு ஆள் எடுக்கும்போதும் சான்றிதழ் எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். வளைகுடா நாடுகளில் படித்த கல்லூரிக்கே எழுதிச் சரிபார்ப்பார்கள், அதற்கு மேல் தேர்வும் உண்டு. அங்கே போய் நிற்கும்போது அந்த நிலையமே பூட்டிக் கிடந்தால் பிள்ளை யாரிடம் கேட்பாள்?

மைக்ரோபயாலஜி நல்ல படிப்பு. மருந்து கம்பெனி, உணவு, தண்ணீர்ப் பரிசோதனை, ஆராய்ச்சி, ஆசிரியர் வேலை என்று அதற்கு வழிகள் உண்டு. ஆனால் நோயாளியின் ரத்தமும் சளியும் வரும் பெஞ்சில் உட்காரத்தான் மகள் ஆசைப்படுகிறாள் என்றால், அந்த வேலைக்கு விளம்பரத்தில் எம்.எல்.டி. என்றுதான் கேட்பார்கள். மைக்ரோபயாலஜி பட்டம் முடித்த பிறகு இந்த வேலைக்கு மாறிக்கொள்வது சுலபமில்லை.

அவள் அம்மாவின் பயம் நியாயமானது, அதற்கு ஒழுங்கான பதிலும் உண்டு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. வார்டுக்கோ ஆய்வகத்துக்கோ போகும் முன் முதல் தவணையாவது போட்டிருக்க வேண்டும். மூன்றும் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்பு சக்தி வந்ததா என்று ரத்தத்தில் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. வேலையில் நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் கையில் குத்திவிட்டால் அந்த இடத்தை அமுக்கிப் பிழியக் கூடாது. சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, வெட்கப்படாமல் உடனே மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். ஊசிக்குத் திரும்ப மூடி போடாத பழக்கம், வாயால் பிப்பெட் உறிஞ்சாத பழக்கம், காசநோய் கல்ச்சரைப் பாதுகாப்புக் கேபினெட்டுக்குள் மட்டும் கையாளும் பழக்கம் இதையெல்லாம் முதல் வருடத்திலிருந்தே கண்டிப்பாகச் சொல்லித் தரும் கல்லூரியில் பிள்ளை பத்திரமாக இருப்பாள். தடுப்பூசி யார் பொறுப்பு என்று கேட்டதற்குக் கல்லூரி மழுப்பினால் அங்கே சேர்க்காதீர்கள்.

சம்பளத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். தனியார் லேப்களில் தொடக்கச் சம்பளம் குறைவு, நைட் டூட்டி உண்டு. பட்டப்படிப்புப் பெண்ணுக்கு இவ்வளவுதானா என்று முதல் இரண்டு வருடம் வீட்டில் பேச்சு வரும். ஆய்வகங்களுக்குத் தர அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எல். அங்கீகரித்த ஆய்வகத்தில் அந்த வருடங்களைக் கழித்தால், மருத்துவ ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தர முறையான ஐ.எஸ்.ஓ. 15189 முறையில் வேலை செய்த அனுபவம் எங்கே போனாலும் மதிப்புத் தரும். மேலே எம்.எஸ்சி. படிக்கவும் வழி உண்டு. சொந்த லேப் வைக்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆய்வக ரிப்போர்ட்டில் நோய்க்குறியியல் மேற்படிப்பு முடித்த பதிவு பெற்ற மருத்துவரின் கையொப்பம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. டெக்னாலஜிஸ்ட் தனியாகக் கையெழுத்துப் போட்டு நடத்தும் கடையாக அதை நினைத்துவிடாதீர்கள்.

கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மருத்துவமனை ஆய்வகத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை சாம்பிள் வருகிறது, மாணவர்கள் எந்த வருடத்திலிருந்து உள்ளே போஸ்டிங் போகிறார்கள், மைக்ராஸ்கோப் எத்தனை பேருக்கு ஒன்று என்று கேளுங்கள். மூன்றாம் வருடப் பிள்ளை ஒருத்தியைத் தனியாகப் பிடித்து, "நீயே எத்தனை ஸ்மியர் போட்டிருப்பாய்?" என்று கேட்டால் போதும். முதல்வர் அறையில் தெரியாதது அங்கே தெரிந்துவிடும்.

பணத்துக்கு இரண்டு வழி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கல்விக் கடனுக்கு வங்கி முதலில் பார்ப்பது படிப்பின் அங்கீகாரத்தைத்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று மூன்றையும் இப்போதே இ-சேவை மையத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். கலந்தாய்வு அறிவிப்பு வந்த பிறகு குடியாத்தம் தாலுகா ஆபீசில் கூட்டம் அதிகமாக இருக்கும்.