மகனின் பெயரில் ‘ஏமாற்று’ ஒளிந்திருக்கிறதா?

கேள்வி: எங்கள் எட்டு மாத மகனுக்கு ‘அகர்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒளிரும் முகம் உடையவன் என்று பொருள் சொல்லி என் மாமனார் தேர்ந்தெடுத்த அரபிப் பெயர். இப்போது ஒரு பெயர் ஆலோசகர், ‘இதன் வேர்ச்சொல்லுக்கு ஏமாற்றுதல் என்று பொருள், குர்ஆன் இந்த உலகை ஏமாற்றும் சரக்கு என்று சொல்லும் இடத்திலும் இதே வேர்தான் வருகிறது’ என்கிறார். அரசிதழ் வேலையும் சேர்த்து 7,000 ரூபாய் கேட்கிறார். வீட்டில் எல்லோரும் கலங்கிப் போயிருக்கிறோம். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் மாமனார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்த 7,000 ரூபாயைக் குழந்தைக்குச் செலவழியுங்கள்.

அரபியில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துகள் கொண்ட வேரிலிருந்து கிளைக்கின்றன. உங்கள் மகனின் பெயருக்கு வேர் ஃகைன், ரா, ரா. அந்த வேரில் ஏமாற்றுதலும் உண்டு. ஆலோசகர் சொன்னதில் உண்மை அவ்வளவுதான். அதே வேரில் வேறு என்னென்ன இருக்கின்றன என்று அவர் சொல்லவில்லை. குதிரையின் நெற்றியில் இருக்கும் வெள்ளைச் சுட்டி ‘ஃகுர்ரா’. அந்தச் சுட்டி உள்ள குதிரை ‘அஃகர்ர்’. ஒளிரும் முகத்தவனுக்கும் அதே சொல்தான். நீங்கள் ‘அகர்’ என்று எழுதும் பெயர் இதுவே. மாதத்தின் முதல் நாளும் ஃகுர்ராதான். வாளின் கூர்விளிம்பு ‘ஃகிரார்’. கண் அயர்ந்ததும் கலைந்துவிடும் கொஞ்சத் தூக்கத்துக்கும் அதே பெயர். சூதுவாது தெரியாத பிள்ளை ‘ஃகிர்ர்’. தாய்ப்பறவை குஞ்சின் வாயில் இரை ஊட்டுவதைச் சொல்லும் வினையும், துணியில் விழுந்த பழைய மடிப்பின் தடத்துக்கான பெயரும் இந்த வேரில்தான் கிடக்கின்றன. கடலுக்குள் இருக்கும் மீனையும் வானத்தில் பறக்கும் பறவையையும் பிடிக்கும் முன்பே விலைபேசி விற்பது போன்ற நிச்சயமற்ற வியாபாரத்தை இஸ்லாமியச் சட்டம் ‘ஃகரர்’ என்று சொல்லித் தடுக்கிறது.

இத்தனையையும் ஒரே பொருளில் அடைக்க முடியுமா? 1004ஆம் ஆண்டில் மறைந்த இப்னு ஃபாரிஸ் வேர்களுக்கு அடிப்படைப் பொருள் காண்பதற்கென்றே ஒரு பெரிய அகராதி எழுதியவர். அவரே இந்த வேருக்கு ஒரு பொருள் சொல்லவில்லை. மாதிரி, குறைவு, வெண்மையும் மேன்மையும் என்று மூன்று தனித்தனி அடிப்படைகளைத் தருகிறார். உங்கள் மகனின் பெயர் மூன்றாவதைச் சேர்ந்தது. அகராதி எழுதியவர் பிரித்து வைத்ததைத் தெருமுனையில் ஒருவர் ஒன்றாகக் குழைத்துக் காசாக்குகிறார். இதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

‘என் சமூகத்தார் உளூவின் (தொழுகைக்கு முன் முகம், கை, கால்களைக் கழுவுவதன்) சுவடுகளால் முகமும் கைகால்களும் ஒளிர மறுமை நாளில் அழைக்கப்படுவார்கள்’ என்ற நபிமொழியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதில் ‘ஒளிரும் முகத்தவர்’ என்பதற்கு வரும் சொல் ‘ஃகுர்ர்’. உங்கள் மகனின் பெயருடைய பன்மைதான் அது. அல் அஃகர்ர் அல் முஸனீ என்று ஒரு நபித்தோழர் இருந்தார். அவர் அறிவித்த நபிமொழி, ‘ஸஹீஹ் முஸ்லிம்’ என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது.

பெயரைச் சோதிக்க வேண்டுமானால் முழுச் சொல்லை அதன் அரபி எழுத்தில் பாருங்கள். வேரை மட்டும் பிடுங்கிப் பார்க்காதீர்கள். தமிழில் காதால் கேட்டு எழுதிய வடிவத்தையும் நம்பாதீர்கள். பயமுறுத்துகிறவர்கள் பிழைப்பது அந்த இடத்தில்தான். ‘ஆஸியா’ என்ற பெயருள்ள பெண்களின் பெற்றோர் எத்தனை பேர் என்னிடம் அழுதிருக்கிறார்கள்! ‘ஆஸியா என்ற பெயரை நபிகள் நாயகம் (ஸல்) ஜமீலா என்று மாற்றினார்கள், நீங்களும் மாற்றுங்கள்’ என்று அவர்களிடம் யாரோ சொல்லியிருப்பார்கள். மாற்றியது உண்மை. ஆனால் நபிகள் மாற்றிய அந்தப் பெயர் ஐன், ஸாத் என்ற அரபி எழுத்துகள் கொண்டது. மாறு செய்பவள் என்று பொருள். எகிப்து மன்னன் ஃபிர்அவ்னின் மனைவி ஆஸியாவின் பெயர் அலிஃப், ஸீன் என்ற எழுத்துகள் கொண்டது. அது நல்ல பெயர். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன.

ஒரே ஒரு விலக்கை மட்டும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். குர்ஆனில் கண்ட சொல், காதுக்கு இனிமையாக இருக்கிறது என்று பொருள் பார்க்காமல் எடுத்து வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதே வேரில் ‘ஃகுரூர்’ என்றால் ஏமாற்று. உலக வாழ்வைப் பற்றிச் சொல்லும் 3:185, 57:20 வசனங்களில் வருவது இது. முதல் எழுத்தின் உகரம் அகரமானால் ‘ஃகரூர்’. ஏமாற்றுகிறவன், அதாவது ஷைத்தான். 31:33, 35:5 வசனங்களில் வருவது அது. ஓர் உயிர்க்குறியில் செயல் ஆளாக மாறிவிடுகிறது. இன்றைய அரபியில் ஃகுரூர் என்றால் தற்பெருமை, ‘மஃக்ரூர்’ என்றால் தலைக்கனம் பிடித்தவன். இந்த மூன்றில் எதையாவது யாராவது பிள்ளைக்குப் பெயராக வைத்திருந்தால், தயங்காமல் மாற்றுங்கள். அங்கே வேர் அல்ல, சொல்லே கெட்ட பொருள் தருகிறது. ‘அஃகர்ர்’ இந்தப் பட்டியலுக்கு அருகில்கூட வராது.

உங்கள் கடிதத்தில் நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. ‘அகர்’ என்று எழுதினால் படிப்பவருக்கு அகர்பத்திதான் நினைவுக்கு வரும். அரபியின் காஃப் (k), காஃப் (q), ஃகைன் (gh) எல்லாவற்றுக்கும் நம்மிடம் இருப்பது ஒரே ‘க’. பிறப்புச் சான்றிதழில் தமிழும் ஆங்கிலமும் உண்டு. அரபி எழுத்துக்கு இடமே கிடையாது. அலுவலகத்தில் காதில் விழுந்ததைத் தட்டச்சு செய்து கொடுப்பார்கள். அந்தப் பிள்ளை பாஸ்போர்ட் எடுக்கும் வயதில் அலைய வேண்டியிருக்கும். பல லட்சம் பேர் அரபிப் பெயரோடு வாழும் மாநிலத்தில் இதை ஒழுங்குபடுத்த இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே சான்றிதழை எடுத்து ஆங்கில எழுத்துக்கோவையைப் பாருங்கள். ஜி எழுத்தை அடுத்து எச் இருந்தால் அது ஃகைனைக் குறிக்கும், ஒன்றும் செய்ய வேண்டாம். இல்லையென்றால், பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தின் பதிவாளரிடம் நேரில் போய், எழுத்துத் திருத்தத்துக்கு என்ன ஆவணம் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். எழுத்தைத் திருத்துவது வேறு, பெயரையே மாற்றுவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் காட்டித்தான் இடைத்தரகர்கள் தொகையை ஏற்றுகிறார்கள். ஆதார் எடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். மாமனாரிடம் ஒரு தாளில் அரபியில் பெயரை எழுதி வாங்கி, ராவின் மேல் ஷத்து (எழுத்தை இரட்டிக்கும் குறி) போட்டிருக்கிறாரா என்று பார்த்து, சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.