கைக்குழந்தைக்கு மாறுகண்: வளர வளர சரியாகிடுமா?

கேள்வி: என் பொண்ணுக்கு அஞ்சு மாசம் ஆகுது டாக்டர், எட்டாம் மாசத்துலயே பொறந்துட்டா. பால் குடிக்கிறப்ப என்னைப் பார்த்தா இடது கண்ணு மட்டும் மூக்குப் பக்கமா போயிடுது. வீட்ல எல்லாரும் தானா சரியாகிடும்னு சொல்றாங்க. காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம்மா, இந்த வாரமே குழந்தைங்க கண் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. பொறந்த புதுசுல கண்ணு அப்பப்ப அலைபாயுறது சகஜம்தான், ரெண்டு கண்ணையும் சேர்த்து ஓட்டுறதுக்கு மூளை அப்பதான் பழகிட்டு இருக்கும், ஆனா அந்தச் சலுகை எல்லாம் மூணு நாலு மாசம் வரைக்கும்தான்.

சில குழந்தைங்களுக்கு மூக்குத்தண்டு தட்டையா, உள்மூலையில தோல் மடிப்போட இருக்கும், வெள்ளைவிழி மறைஞ்சு மாறுகண் மாதிரியே தெரியும். பாப்பா நேரா பார்க்குறப்ப ஃபிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுங்க. வெளிச்சப் புள்ளி ரெண்டு கண்ணுலயும் ஒரே இடத்துல இருந்தா பெரும்பாலும் வெறும் தோற்றம்தான், இடது கண்ணுல மட்டும் வெளிப்பக்கமா தள்ளி இருந்தா நிஜமாவே மாறுகண். அந்தச் சின்னப் புள்ளியா இல்லாம, கருவிழி நடுவுல இருக்குற கண்மணியே வெள்ளையா மின்னுச்சுன்னா ஒரு நாள்கூட தள்ளாதீங்க, கண்புரையா இருக்கலாம், அபூர்வமா விழித்திரையில (கண்ணுக்கு உள்ளே பின்பக்கம் இருக்குற படலம்) புற்றுநோய்க் கட்டியாவும் இருக்கலாம்.

இதை அழகு சம்பந்தப்பட்டதுன்னு மட்டும் நினைச்சுதான் நிறைய பேர் விட்டுடுறாங்க. கோணலா நிக்கிற கண்ணு அனுப்புற படத்தை மூளை ஒதுக்கிடும், ஒதுக்கி ஒதுக்கி அந்தக் கண்ணுல பார்வையே வளராமப் போயிடும், சோம்பேறிக்கண்ணுன்னு சொல்றது இதைத்தான், லேட்டாக ஆக மீட்கிறது கஷ்டம்.

உங்க பாப்பா குறைமாசம்ங்கிறதால எனக்கு இன்னொரு கவலை. விழித்திரை ரத்தக்குழாய் முழுசா வளராமலே பொறந்திருப்பா, முதல் சில வாரத்துல விழித்திரை செக்கப் பண்ணாங்களான்னு டிஸ்சார்ஜ் பேப்பர்ல பாருங்க. மூளைவாதம், டவுன் சிண்ட்ரோம், மூளைக்குள்ள நீர் தேங்குறது இருக்குற குழந்தைங்களுக்கும் மாறுகண் அதிகமா வரும், அதுக்காக உங்க பாப்பாவுக்கும் அதுதான்னு பயந்துடாதீங்க.

டாக்டர் சொட்டு மருந்து விட்டு பவர் பார்ப்பார். பிளஸ் பவர் அதிகமா இருந்தா கண்ணாடி போடுவாங்க (ஆமா, இத்தனூண்டு குழந்தைக்கும் கண்ணாடி உண்டு), பார்வை குறைஞ்சிருந்தா நல்ல கண்ணை தினமும் கொஞ்ச நேரம் மூடி வைக்கச் சொல்வாங்க. கண்ணு எந்நேரமும் உள்ளே இழுத்துட்டே இருந்தா ஆபரேஷன், பெரும்பாலும் ரெண்டு வயசுக்குள்ள. கத்தி படுறது கண்ணை அசைக்கிற வெளித்தசையில மட்டும்தான், பயப்படாதீங்க. போறப்ப அந்த போட்டோவையும் டிஸ்சார்ஜ் பேப்பரையும் எடுத்துட்டுப் போங்க, குடும்பத்துல வேற யாருக்காவது மாறுகண்ணோ சின்ன வயசுலயே கண்ணாடியோ இருந்திருந்தா அதையும் சொல்லிடுங்க.