கலீனாவின் ஒன்பது ஜெனரல்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிகாகோவில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். போன வாரம் இல்லினாய் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் கலீனாவுக்குக் கூட்டிப்போனான். மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். ஆனால் கடைத்தெரு நெடுக மாடி மாடியாகச் செங்கல் கட்டிடங்கள். ஆறு நம்மூர் வாய்க்கால் அளவுதான். அதில் நீராவிக் கப்பல்கள் வரிசைகட்டி நின்றன என்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்கு ஒன்பது ஜெனரல்களைத் தந்த ஊராம். அந்தப் படையின் தலைமைத் தளபதியாகி, பிறகு அமெரிக்க அதிபரும் ஆன கிராண்டின் வீட்டையும் பார்த்தோம். இத்தனை சின்ன ஊருக்கு இது எப்படி? மண்ணின் வீரமா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

அந்த மண் தந்தது வீரம் அல்ல, காரீயம். ஊரின் பெயரே காரீயம் கிடைக்கும் தாதுவின் பெயர்தான். (நம் வீட்டு ரசச் சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம்.) அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான சாக், மெஸ்க்வாக்கி மக்கள், முக்கியமாக அவர்களின் பெண்கள், வெள்ளையர் வருவதற்கு வெகுமுன்பே அங்கே ஈயம் எடுத்தார்கள். பாறையைத் தீயிட்டுச் சுடவைத்து, தண்ணீர் ஊற்றிப் பிளப்பார்கள். 1822இல் கென்டக்கியிலிருந்து ஜேம்ஸ் ஜான்சன் அரசாங்கக் குத்தகையோடு வந்தார். வேலைக்கு அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களையும் கொண்டுவந்தார். ஊரின் கதையில் இந்த இரண்டையும் விட்டுவிடக் கூடாது.

ஆறு ஏன் சுருங்கியது என்பதற்கான விடை உலையில் இருக்கிறது. கலீனா தாது ஈயமும் கந்தகமும் சேர்ந்தது. எடையில் சுமார் 86 சதவீதம் ஈயம். குன்றுச் சரிவில் கல்சுவர் எழுப்பி, கனத்த மரக்கட்டைகளை அடுக்கி, மேலே தாதுவைக் கொட்டி, சுற்றிலும் விறகு வைத்து எரிப்பார்கள். முதலில் மெல்லிய தீயில் காற்றுபட வறுபட்டுக் கந்தகம் புகையாகப் போகவேண்டும். எடுத்த எடுப்பில் தீயைக் கூட்டினால் தாது வறுபடாமலே இளகி, உலோகம் பிரியாமல் கசடோடு போய்விடும். பக்குவம் தப்பாவிட்டால் ஈயம் சரிவில் வழிந்து கீழே குழியில் தேங்கும். அதை அச்சில் வார்த்து, சுமார் 70 பவுண்டு, அதாவது 32 கிலோ பாளங்களாகக் கப்பலில் ஏற்றினார்கள். இந்த உலை விறகைத் தின்றுகொண்டே இருக்கும். கசடில் தங்கிய ஈயத்தை எடுக்க மறுபடி உருக்கினார்கள், அதற்கும் விறகு.

குன்றுகள் மொட்டையாயின. மரம் போன சரிவை உழுதார்கள், சுரங்க மண்ணையும் அங்கேயே கொட்டினார்கள். பெய்த மழையெல்லாம் அதை ஆற்றில் கொண்டு சேர்த்தது. ஊருக்குச் சோறு போட்ட உலைதான் ஊரின் துறைமுகத்தையும் தூர்த்தது.

மற்ற அடிகளும் கூடவே விழுந்தன. கையெட்டும் ஆழத்துத் தாது தீர்ந்தது. அதற்குக் கீழே நிலத்தடி நீர் புகுந்தது, இறைத்துத் தள்ளச் செலவு கட்டவில்லை. 1849இல் சுரங்கத் தொழிலாளர் பலர் தங்கம் தேடி கலிபோர்னியாவுக்குக் கிளம்பினார்கள். 1855இல் ரயில் பாதை கலீனாவைத் தாண்டி மிசிசிப்பிக் கரைக்கே போய்விட்டதால் சரக்கு இங்கே இறங்கவேண்டிய தேவையும் போயிற்று. நீங்கள் பார்த்த கட்டிடங்கள் இன்றைய ஊருக்காகக் கட்டப்பட்டவை அல்ல. இதைப்போல் இருமடங்குக்கும் மேல் ஆட்கள் இருந்த ஊருக்காகக் கட்டப்பட்டவை.

இனி ஜெனரல்கள். 1860இல் யுலிசஸ் கிராண்ட் அங்கே வந்தது தன் அப்பாவின் தோல்கடையில், தம்பிகளோடு வேலை பார்க்க. போர் மூண்டதும் 1861 ஏப்ரலில் கூடிய கூட்டத்துக்கு அவரைத் தலைமை தாங்கவைத்தார்கள், ராணுவக் கல்லூரியில் படித்து மெக்சிகோ போரிலும் இருந்தவர் என்பதற்காக. ஊர்க்காரரான எலைஹு வாஷ்பர்ன் காங்கிரஸ் உறுப்பினர், லிங்கனுக்கு வேண்டியவர். இல்லினாய்க்குக் கிடைத்த பிரிகேடியர் பதவிகளில் ஒன்று கிராண்டுக்கு வந்ததில் அவர் கை உண்டு. கிராண்ட் மேலே போகப்போக, தனக்குத் தெரிந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்: வழக்கறிஞர் ஜான் ராலின்ஸ், வில்லியம் ரௌலி, ஈலி பார்க்கர். ஒன்பதில் சிலருக்குக் கிடைத்தது கௌரவப் பதவி உயர்வுதான். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒன்பது பேர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், பிழைக்க வந்தவர்கள். ஈயம் இல்லையென்றால் இவர்கள் ஒரே ஊரில் சந்தித்திருக்கவே மாட்டார்கள்.

இவர்களில் நான் முதலில் நிறுத்துவது பார்க்கரை. செனக்கா இனத்தவர். சட்டம் படித்தும், செவ்விந்தியர் குடிமகன் அல்ல என்று வழக்கறிஞராக விடவில்லை, பொறியாளரானார். 1857இல் அரசின் சுங்கக் கட்டிடத்தைக் கட்டும் மேற்பார்வைக்குக் கலீனா வந்தார், அங்கேதான் கிராண்டோடு பழக்கம். போரில் சேரக் கேட்டபோதும் இது வெள்ளையர் சண்டை என்று திருப்பி அனுப்பினார்கள். கிராண்டின் படையில் 1863இல்தான் இடம் கிடைத்தது. 1865 ஏப்ரல் 9 அன்று வர்ஜீனியாவின் அப்போமாட்டாக்ஸில் தெற்குப் படைத் தளபதி லீ சரணடைந்த நிபந்தனைகளை மையில் படியெடுத்த கை இவருடையது.

ஒரு திருத்தம். நீங்கள் பார்த்த வீடு, கிராண்ட் போரில் வென்று திரும்பியபோது, 1865 ஆகஸ்டில், ஊர்க்காரர்கள் பரிசளித்தது. அதில் அவர் தங்கிய நாட்கள் சொற்பம். கடையில் வேலை பார்த்த காலத்தில் குடியிருந்தது குன்றின் மேல் தெருவில் ஒரு வாடகை வீடு. மகன் மறுபடி கூட்டிப்போனால் தபால் அலுவலகத்துக்கும் போங்கள். பார்க்கர் கட்டிய சுங்கக் கட்டிடம் அதுதான். கடிதம் ஒன்றை அங்கேயே தபாலில் சேர்க்கலாம்.