மெட் மதிப்பெண் ஏறியும் மீன் பெருகவில்லை என்றால்

கடல் காப்பகத் திட்டம் தோற்றுவிட்டது என்று இப்போதே எழுதாதீர்கள். நான்கு ஆண்டில் காப்பக நிர்வாகத்துக்கான மெட் (METT) மதிப்பெண் ஏறியிருக்கிறது, மீன் கணக்கெடுப்பு மட்டும் அசையவில்லை என்கிறீர்கள். இதில் முரண் இல்லை. மெட் நிர்வாகத்தை அளக்கும் கேள்வித்தாள்: சட்டம், எல்லை, ஆள், பணம், ரோந்து. பெரும்பாலும் நிர்வாகிகளே நிரப்புவது. கடலுக்குள் என்ன மாறியது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

காரணம் பெரும்பாலும் காலம்தான். களவா போன்றவை மெதுவாக வளரும் மீன்கள். 2014-இல் 87 கடல் காப்பகங்களை ஒப்பிட்ட ஆய்வில் ஐந்து அம்சங்கள் பார்க்கப்பட்டன: மீன்பிடிக்கு முழுத் தடை, நல்ல காவல், 10 ஆண்டுக்கு மேற்பட்ட வயது, 100 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு, ஆழ்கடலோ மணலோ சூழ்ந்த தனிமை. நான்கைந்து சேர்ந்த இடங்களில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது.

மொத்த எண்ணிக்கையை விடுங்கள். பிடிபடும் இனங்களின் நீளத்தை மட்டும் பிரித்தெடுத்து, காப்பகத்துக்கு வெளியே அதே ஆழம், அதே அடித்தளம், அதே பருவத்துத் தரவோடு வைத்துப் பாருங்கள். உள்ளே பெரிய மீன் கூடியிருந்தால் அதுவே முதல் நல்ல அறிகுறி.

ஒன்று கவனம்: ஒப்பீட்டு இடம் எல்லையை ஒட்டியிருந்தால் கணக்கு குழம்பும். உள்ளிருக்கும் மீன் அங்கே வரும், விலக்கப்பட்ட படகுகளும் அங்கேதான் குவியும். அப்புறம், திட்டத்துக்கு முந்தைய தரவு இல்லையென்றால் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.